மதுவருவாயும் விற்பனை வரியும்: சென்னை மாகாணம், தமிழ்நாடு

சென்னை மாகாணத்திலும் அதன் வழிவந்த தமிழ்நாட்டிலும் பொதுஜன ஆரோக்கியம், வியாபாரம், வரி வருமானம் ஆகிய மூன்றையும் ஒரே விவகாரத்தில் பிணைத்துவைத்த பொருள் மதுவேயாகும். இம்மூன்றின் கணக்குகளும் வெவ்வேறு இலாகாக்களால், வெவ்வேறு நோக்கங்களோடு எழுதப்பட்டவை. அவற்றுள் வருமானக் கணக்கு மட்டுமே தொடக்கமுதல் பைசா பிசகாமல் பேணப்பட்டு வந்துள்ளது.

1886-ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்தின்கீழ், கள் இறக்கும் மரத்துக்கு வரியாகவும், கடைக்கு ஏலத்தொகையாகவும், சாராயத்துக்குத் தீர்வையாகவும் கஜானாவுக்கு வந்து சேர்ந்த பணம், 1930-களில் மாகாண வருமானத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக இருந்தது. இவ்வளவு பெரிய வரவைத் துறக்கத் துணிந்த ராஜாஜியின் மந்திரிசபை, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளையும் தன்னுள் அடக்கியிருந்த சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி, பின்னர் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு ஜில்லாக்களுக்கும் அதனை விரித்தது. சேலத்தில் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவு எவ்வாறு மாறிற்று என்பதை அக்காலத்திலேயே பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். வரவை மட்டும் எண்ணிப் பழகிய ஆட்சியில், குடியானவன் வீட்டுச் செலவையும் கணக்கில் கொண்ட அம்முயற்சி, நம் புள்ளிவிவரச் சரித்திரத்தில் பெறவேண்டிய கவனத்தை இன்னும் பெறவில்லை என்றே சொல்லவேண்டும்.

இழந்த வருமானத்தை ஈடுசெய்யும் பொருட்டு இயற்றப்பட்டதே 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் பொது விற்பனை வரி விதித்த முதற்சட்டம் இதுவே. ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் குறைந்த வியாபாரிக்கு விலக்கு. 20,000 வரையில் மாதம் 5 ரூபாய். அதற்கு மேற்பட்டால் நூற்றுக்கு அரை ரூபாய் என்பது அதன் ஆரம்ப விகிதம். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும், கடைக்காரரின் பேரேட்டைச் சர்க்கார் பார்வைக்குக் கொண்டுவந்ததன் மூலம், மாகாண வியாபாரத்தின் அளவை ஆண்டுதோறும் ஓரளவேனும் மதிப்பிடுவதற்கு அச்சட்டம் வழிவகுத்தது.

யுத்தகாலத்தில் நிறுத்தப்பட்ட மதுவிலக்கு, 1948-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில் மாகாணம் முழுவதிலும் நடைமுறைக்கு வந்தது. 1971-இல் தளர்த்தப்பட்டு, 1974-இல் மீண்டும் இறுகி, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் தன் வசமாக்கிக்கொண்டது.

இன்றைய மதுவருவாயைக் கணக்கிடுபவர், வரவுசெலவுத் திட்டத்தில் ‘ஆயத்தீர்வை’ என்ற ஒரே தலைப்பைப் பார்த்து அமைதியடைதல் ஆகாது. 2023-24-இல் கிடைத்த சுமார் 45,856 கோடி ரூபாயில் ஆயத்தீர்வை 10,774 கோடியே. எஞ்சிய 35,081 கோடியும் மதிப்புக் கூட்டு வரியாக வந்தது. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் 1959-இல் புதுச்சட்டமாகி, 2007-இல் மதிப்புக் கூட்டு வரிக்கு இடந்தந்தது. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் வந்தபோதோ, அருந்தும் மது அதற்குப் புறம்பாக விடப்பட்டது. ஆகவே, மதுவருவாய்க்கு மாற்றாகப் பிறந்த விற்பனை வரியின் வாரிசே இன்று மதுவருவாயின் பெரும்பகுதியைச் சுமந்து நிற்கிறது. மதுவிலக்கும் ஆயத்தீர்வையும் ஒரே துறையின் பெயரில் அருகருகே வீற்றிருப்பதைக் கண்டு வியப்பவர்கள், இதனையும் சேர்த்து வியக்கலாம்.

ஆரோக்கியக் கணக்கு இவ்வளவு திட்டமாக இல்லை. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுள் நூற்றுக்கு 25.4 பேர் மது அருந்துவதாகக் காட்டுகிறது. இது வீடுவீடாகக் கேட்டறிந்த வாக்குமூலமாதலால், உண்மை இதற்குக் குறையாதென்றே கொள்ளவேண்டும். மரணப் பதிவோ இன்னும் மங்கலானது. இந்தியாவில் பதிவாகும் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கே மருத்துவர் காரணம் குறித்துச் சான்று தருகிறார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது ஒவ்வொரு பெயரும் எண்ணப்பட்டது. கல்லீரல் கெட்டு ஆண்டுக்கணக்கில் நலிந்து வீட்டிலேயே இறப்பவனின் மரணம் பெரும்பாலும் காரணமின்றியே பதிவேட்டில் ஏறுகிறது.