பூவிருந்தவல்லியிலிருந்து புறப்பட்ட குடும்பம்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் பங்குப் பணியாற்றும் நம்மிடம், பழைய திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டி வருவோர் உண்டு. "எங்கள் முன்னோர் யார், சுவாமி?" என்னும் கேள்விக்குள் ஓர் ஆவல் மறைந்திருக்கும், பெயர் பெற்ற ஒருவரேனும் அவ்வரிகளில் அகப்படமாட்டாரா என்பதே அது. 1563ஆம் ஆண்டில் திரிதெந்துப் பொதுச்சங்கம் இப்பதிவேடுகளை வைக்கப் பணித்தது குலப்பெருமை பேசுவதற்கன்று. மறைவான திருமணங்களைத் தடுக்கவும், உறவுத் தடைகளை அறியவுமே.

பெயர் பெற்ற முன்னோர் நம் பூவிருந்தவல்லிக்கும் உண்டு. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சு வணிகத்தை நிலைநாட்டியபோது, அவருக்குத் துணையாக இவ்வூரிலிருந்து சென்றவர் தானப்ப முதலியார். கத்தோலிக்கரான அவருடைய திருமுழுக்குப் பெயர் லாசர். அவர் வழிவந்த பேதுரு கனகராய முதலியார், பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாசியாகப் பல்லாண்டு விளங்கி 1746இல் காலமானார். தம் ஒரே மகனை இளவயதிலேயே இழந்த அவர், 1745இல் உழவர்கரையில் புனித அந்திரேயா ஆலயத்தை எழுப்பினார். இத்தகையவரை மூதாதையராகக் கொள்ள எவர்தாம் விரும்பார்?

எனினும் வரலாறு அத்துடன் நின்றுவிடுவதில்லை. கனகராயர் முதன்முதல் அப்பதவியை அடைந்தது, நைனியப்ப பிள்ளை என்னும் இந்து தரகர் வீழ்த்தப்பட்டபோது. 1716இல் சிறைப்பட்ட நைனியப்பர், மறு ஆண்டு சிறையிலேயே உயிர்நீத்தார். அவரை அகற்றக் குருக்கள் சிலரும் முனைந்து நின்றனர் என்பது நமக்கு வெட்கம் தரும் செய்தி. அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பது பின்னர் பிரான்சில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

உழவர்கரை ஆலயம் எழும்பிய அதே 1745இல், புதுவைக் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களைப் பிரித்து நிறுத்திய சுவர் ஒன்றும் இருந்தது. அவர்கள் முறையிட, சுவர் அகற்றப்பட்டது; சாதிக் கிறிஸ்தவர்களோ சினந்தெழுந்தனர். இதனை நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் நைனியப்பரின் மைத்துனர் மகன். கனகராயருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர். ஆதலால் கனகராயரைப் பற்றி அவர் கூறுவதை நிறுத்துப் பார்த்தே ஏற்க வேண்டும். ஆயினும் சுவர் இருந்ததை மறுப்பதற்கில்லை.

ஆலயம் கட்டிய கையை மட்டும் நம்முடையதென்று கொண்டு, சுவரைக் காக்க முனைந்த கையைப் பிறருடையதென்று தள்ளிவிட இயலுமா? மத்தேயு நற்செய்தியாளர் அவ்வாறு செய்யவில்லை. ஆண்டவரின் தலைமுறைப் பட்டியலில் தாமாரையும் இராகாபையும் அவர் மறைக்கவில்லை. தாவீதின் பாவம் மறவாதிருக்க, 'உரியாவின் மனைவி' என்றே எழுதினார். மீட்பர் அந்தக் குடும்பத்தில்தான் பிறந்தார்.

முன்னோரின் பாவத்திற்கு நாம் குற்றவாளிகள் அல்லோம். ஆனால் அவர்கள் எழுப்பிய சுவரின் ஒரு கல்லேனும் இன்று நம் கல்லறைத் தோட்டத்திலோ, திருமணப் பேச்சிலோ எஞ்சி நிற்குமானால், அதற்கு நாமே பொறுப்பு. பதிவேட்டைத் திறக்கும் அன்பர்கள் இக்கேள்வியையும் உடன் கொண்டு வருவார்களாக.