டிரில் மாஸ்டரும் சடுகுடுவும்

உடற்கல்வி ஆசிரியரை நம் கிராமத்துப் பெரியவர்கள் 'டிரில் மாஸ்டர்' என்று அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். அச்சொல்லுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் பல பள்ளிகள் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களையே இப்பணிக்கு அமர்த்தின. அவர்கள் அறிந்தது அணிவகுப்பு. கற்றுக் கொடுத்ததும் அதுவே. குழந்தையின் எலும்பு, மூச்சு, வயது பற்றி அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

இந்நிலை மாற வழிசெய்தவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அது இன்றும் நந்தனத்தில் இயங்குகிறது. விளையாட்டுக் கற்பிக்கவும் உடலியல் படிக்க வேண்டும் என்பது அன்று புதுமை. கூடைப்பந்தும் (1891) கைப்பந்தும் (1895) இதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் பிறந்தவை. ஆயினும் பக் நம் நாட்டு விளையாட்டுகளை ஒதுக்கவில்லை. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சடுகுடுவையே எடுத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும், உளுந்து தெளித்த வயல் போக மீதி வயலெல்லாம் தஞ்சைச் சிறுவர்களுக்கு ஆடுகளந்தான். பாடிச் செல்பவன் கால்களை அகட்டி, முழங்காலை மடக்குகிறான் அல்லவா? ஈர்ப்பு மையம் தாழ்கிறது. உடலைத் தாங்கும் பரப்பு விரிகிறது. எளிதில் அவனைச் சாய்க்க முடியாது. பாட்டோ, மூச்சைச் சிறுகச் சிறுக வெளிவிடும் பயிற்சி. இவ்வளவும் தெரிந்த ஆசிரியர், எட்டு வயதுக் குழந்தைக்கு முதலில் விழக் கற்றுக் கொடுப்பார். தெரியாதவர் வரிசையில் நிற்க வைப்பார், பழைய டிரில்தான்!

தொடக்கப் பள்ளிக்கு உடற்கல்விக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில், நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் பகுதிநேரப் பயிற்றுநரைக் கேட்கிறது. கணக்குச் சொல்லித் தருபவரே விளையாடவும் கற்பிக்க வேண்டும். 1986 தேசியக் கல்விக் கொள்கையையொட்டி மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின; கீழ்த்தஞ்சையில் மன்னார்குடியிலும் குருக்கத்தியிலும் அவை உள்ளன. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சி, பெயருக்கேற்ப, எண்ணையும் எழுத்தையும் முதன்மையாகக் கொண்டது. தேவைதான். ஆனால் பணியிலுள்ள ஆசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தில் இறங்கிப் பழகும் நாட்களும் வேண்டும்.

டெல்டாவுக்கென்று ஒரு பாடமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகிவிடும். நாற்பது குழந்தைகளை ஓர் அறைக்குள், ஒருவர்மேல் ஒருவர் மோதாமல், மூச்சு வாங்கும் அளவுக்கு ஆட வைப்பது எப்படி? மற்ற மாவட்டத்தாருக்கு இது சிறிய கேள்வி. இங்கோ, பருவத்தில் பாதி அதிலேயே போய்விடுகிறது.