ஹாம்பர்க் துறைமுகத்தில் இரு நாள்

ஜெர்மனியின் வடபால், எல்பே ஆற்றின் கரையில் அமைந்த ஹாம்பர்க், அந்நாட்டின் முதற்பெருந் துறைமுகமாகும். மக்கள் தொகையில் பெர்லினுக்கு அடுத்த நகரமும் அதுவே. ஐரோப்பியப் பயணம் மேற்கொள்ளும் நம்மவர் இலண்டனையும் பாரிசையும் கண்டு மீள்வரே அன்றி, ஹாம்பர்க் வரை செல்வோர் சிலரே. செல்லும் அச்சிலருக்கும் வாய்ப்பது பெரும்பாலும் ஒரு சனியும் ஒரு ஞாயிறுமாகவே இருக்கும். அவ்விரு நாளை எவ்வாறு வகுத்துக் கொள்ளலாம் என்பதை எண்ணிப் பார்ப்போம்.

பயணக் கையேடுகள் தரும் பட்டியல் ஒன்று உண்டு. இரவுக் கேளிக்கைக்குப் பேர்போன ரீப்பர்பான் தெரு, பொம்மை இரயில்களின் காட்சிக்கூடம், 2017ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பெற்ற எல்ப்பில்ஹார்மோனி இசையரங்கம் என்று அது நீளும். அவை காணத்தகாதவை அல்ல. ஆயினும், வரலாற்றைக் கற்பிப்போரும் கற்போரும் ஓர் ஊருக்குள் நுழையும்போது கையில் ஒரு கேள்வியைக் கொண்டு செல்வது நலம். ஹாம்பர்க்குக்கு ஏற்ற கேள்வி இது: இத்துறைமுகத்தின் செல்வத்துக்கு விலை கொடுத்தவர் யாவர்?

இந்நகர் கடலோரத்தில் இல்லை. வடகடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்நாட்டில் இருக்கிறது. ஆனாலும் கடலின் ஏற்றவற்றம் ஆற்றின் வழியே இங்கு வரை வந்து போகிறது. 1189ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா இவ்வூராருக்கு எல்பே ஆற்றில் சுங்கமின்றிக் கப்பல் விடும் உரிமையை வழங்கினார் என்பது மரபு. அந்நாளைத் துறைமுகத்தின் பிறந்தநாளாக ஆண்டுதோறும் கொண்டாடுகின்றனர். இதில் சுவையான செய்தி என்னவெனில், அவ்வுரிமைப் பட்டயமாகக் காட்டப்படும் ஆவணம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனையப்பட்டது என்பதை ஆய்வாளர் மெய்ப்பித்துவிட்டனர். பட்டயம் பொய்யாயினும் பிறந்தநாள் விழா நிற்கவில்லை! வணிகர் கூட்டமைப்பான ஹான்சாவில் முன்னணி வகித்த இந்நகரை மன்னர் எவரும் நேரே ஆளவில்லை. செல்வ வணிகரின் மன்றமே ஆண்டது. அவ்வணிகரைப் பிற ஊரார் 'மிளகு மூட்டைகள்' என்று எள்ளி அழைத்தனர். கீழை நாட்டு மிளகு எத்துணைப் பெரும் பொருளீட்டித் தந்தது என்பதற்கு இவ்வசைச் சொல்லே சான்று.

சனிக்கிழமைக் காலையைப் பண்டகசாலை நகர் எனப்படும் ஸ்பைக்கர்ஸ்டாட் பகுதியிலிருந்து தொடங்குவதே முறை. வாய்க்கால்களின் இருமருங்கும் செங்கற் கட்டடங்கள் ஐந்தாறு மாடிகளாக எழுந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் முகட்டிலும் மூட்டை தூக்கும் கப்பி உண்டு. ஒருபுறம் படகும் மறுபுறம் வண்டியும் வந்து நிற்க வழி செய்து, ஆயிரக்கணக்கான மரத்தூண்களைச் சேற்றில் அடித்திறக்கி, அவற்றின்மேல் கட்டினர். காப்பி, தேயிலை, கொக்கோ, நறுமணப் பொருள்கள், கச்சா ரப்பர் யாவும் இங்கே அடுக்கப்பட்டன. ரப்பர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவு எங்கே செல்லும் என்பதை இந்நாட்டு வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

அழகைக் கண்டு களித்தபின் கேள்விக்கு வருவோம். ஜெர்மானியப் பேரரசின் சுங்க எல்லைக்குள் ஹாம்பர்க் சேர வேண்டும் என்று பிஸ்மார்க் வற்புறுத்தினார். வணிகர் பேரம் பேசி, சுங்கமில்லாத் தனித் துறைமுகப் பகுதி ஒன்றை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டனர். அப்பகுதிக்கு இடம் வேண்டியிருந்தது. கேர்வீடர், வாண்ட்ராம் என்னும் பழைய குடியிருப்புகளை 1883 முதல் இடித்தனர். ஏறத்தாழ 20,000 பேர் வீடிழந்தனர். 1888 அக்டோபரில் புதிய பேரரசர் இரண்டாம் வில்லியம் வந்து திறப்பு விழா நடத்தினார். கேர்வீடர் என்ற சொல்லுக்குத் 'திரும்பி வா' என்று பொருள். திரும்பி வருவதற்கு வெளியேற்றப்பட்டோருக்கு அங்கே இடமில்லை. வசதியுள்ளோர் புறநகர் சென்றனர். ஏழைத் தொழிலாளர், ஏற்கெனவே நெரிசல் மிகுந்த சந்துக் குடியிருப்புகளிலும், ஹாமர்புரூக், ரோத்தன்பர்க்ஸோர்ட் முதலிய கிழக்குப் பகுதிகளிலும் அடைந்தனர். இவ்விரு பெயர்களையும் நினைவில் இருத்துக, மீண்டும் எதிர்ப்படும்.

அங்கிருந்து நடந்தே நகராட்சி மாளிகையை அடையலாம். 1897இல் முடிவுற்ற அம்மாளிகையில் 647 அறைகள் உள்ளன என்பர். வழிகாட்டி கூறும் அக்கணக்கில் மயங்கி நிற்காமல், உள்முற்றத்துக்குச் செல்க. ஆங்கொரு நீரூற்று உளது. அதன் நடுவே நிற்பவள் கிரேக்கரின் நலவாழ்வுத் தெய்வமான ஹைஜீயா. படம் எடுப்போர் பலர்; இது 1892ஆம் ஆண்டின் வாந்திபேதி கொள்ளைநோயின் நினைவுச் சின்னம் என்பதை அறிந்தோர் சிலர்.

அவ்வாண்டு ஆகஸ்டில் நோய் தோன்றிற்று. சில வாரங்களில் ஏறக்குறைய 8,600 பேர் மாண்டனர். பக்கத்து ஊரான அல்ட்டோனா அன்று பிரஷ்ய ஆட்சியில் தனி நகராக இருந்தது. இரு நகருக்கும் இடையே மதிலில்லை. பல இடங்களில் ஒரு தெருவே எல்லை. ஆயினும் தெருவின் ஹாம்பர்க் பக்கத்தில் பிணம் விழ, அல்ட்டோனாப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. காரணம் நீரே. அல்ட்டோனா ஆற்றுநீரை மணற்படுகையில் வடிகட்டிக் கொடுத்தது. ஹாம்பர்க்கோ எல்பே நீரை வடிகட்டாமலே குழாயில் விட்டது. வடிகட்டும் நிலையம் வேண்டும் என்று அறிந்தவர் முன்னரே கூறியிருந்தனர். செலவை யார் ஏற்பது என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டுக் காலம் கடத்தினர். நோய் வந்தபின்னும், அதனை வெளியே அறிவித்தால் பிற துறைமுகங்கள் தம் கப்பல்களை விலக்கிவிடும் என்று அஞ்சித் தயங்கினர். பெர்லினிலிருந்து அறிஞர் இராபர்ட் காக் வந்து பார்த்தபோது, ஏழைகளின் சந்துகளில் கண்ட நிலை அவரைத் திடுக்கிடச் செய்தது. நோய்க்குக் காரணம் நுண்கிருமியே என்னும் அவர்தம் கொள்கைக்கு, ஒரே தெருவின் இரு பக்கமும் சான்று கூறின. மறு ஆண்டே கால்ட்டஹோஃபே தீவில் வடிகட்டும் நிலையம் இயங்கத் தொடங்கியது. 8,600 உயிர் போகுமுன் அதைக் கட்டியிருக்கலாம் அன்றோ! அறிவியல் கற்பிக்கும் ஆசிரியரும் வரலாறு கற்பிக்கும் ஆசிரியரும் சேர்ந்து நின்று பாடம் நடத்தத்தக்க இடம், என் கருத்தில், அந்நீரூற்றே.

பிற்பகலில் புனித நிக்கோலாய் கோயிலின் கோபுரத்துக்குச் செல்லலாம். 1842 மே மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் எரிந்த பெருந்தீ, பழைய நகரின் மூன்றில் ஒரு பகுதியை அழித்தது. பழைய கோயிலும் அதில் போயிற்று. புதிதாகக் கட்டிய கோபுரம் 147 மீட்டர் உயர்ந்து, 1874 முதல் 1876 வரை உலகின் மிகவுயர்ந்த கட்டடமாக விளங்கிற்று. 1943 சூலை இறுதியில் பிரிட்டிஷ், அமெரிக்க வானூர்திகள் நகரைத் தாக்கியபோது, இக்கோபுரமே விமானிகளுக்கு வழிகாட்டும் அடையாளமாயிற்று. கோயில் இடிந்தது, கோபுரம் நின்றது. இன்று அதனுள் மின்தூக்கியில் 76 மீட்டர் உயரம் வரை செல்ல இயலும். மேலே நின்று கிழக்கே நோக்குக. ஹாமர்புரூக்கும் ரோத்தன்பர்க்ஸோர்ட்டும் அத்திசையில் உள்ளன. சூலை 27ஆம் நாள் இரவு எழுந்த நெருப்புச் சூறாவளி அப்பகுதிகளைத் தரைமட்டமாக்கியது. தாக்குதலில் இறந்தோர் ஏறக்குறைய 35,000 பேர். பண்டகசாலைக்காக ஒருமுறை இடம்பெயர்க்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் வாழ்ந்த தொழிலாளர் பகுதி அது.

தமிழாசிரியர்க்காக ஒரு சொல். வெள்ளியன்றே வந்து சேர்வோர் டாம்டோர் இரயில் நிலையத்தருகே பல்கலைக்கழகத்தைக் காணலாம். காலனிகளுக்கு அலுவலரையும் வணிகரையும் பயிற்றுவிக்க 1908இல் தோன்றிய கழகமே அதன் முன்னோடி. பல்கலைக்கழகம் 1919இல் பிறந்தது. வணிக நோக்கில் தொடங்கிய கீழைமொழிக் கல்வி பின்னர் வேறு வழியில் வளர்ந்தது. பேராசிரியை ஏவா வில்டன் தலைமையில் 2014 முதல் 2019 வரை, புதுச்சேரியோடு இணைந்து, தமிழ்ச் செவ்வியல் நூல்களின் சுவடி மரபை ஆராய்ந்த திட்டம் இங்கேதான் நடைபெற்றது.

சனி மாலை லாண்டுங்ஸ்ப்ருக்கன் படகுத்துறை. ஆற்றின் அடியில் 1911இல் அமைத்த சுரங்கப் பாதையில், 426 மீட்டர் தூரம் நடந்தே அக்கரை சேரலாம், கட்டணம் இல்லை. பேருந்துக்கும் இரயிலுக்கும் வாங்கும் அதே பயணச்சீட்டைக் கொண்டு 62ஆம் எண் படகில் ஏறிச் செல்லலாம். தனிச் சுற்றுலாப் படகுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்நீரைக் காணும்போது வோல்ஃப்காங் போர்ஷெர்ட்டை எண்ணுக. 1921இல் இந்நகரில் பிறந்து, போர்முனை சென்று உடல்நலம் இழந்து மீண்டவர். சைபீரியச் சிறையிலிருந்து திரும்பும் படைவீரன் ஒருவன் தன் வீட்டில் தனக்கு இடமில்லை எனக் கண்டு எல்பே ஆற்றில் விழுகிறான். ஆறு ஒரு மூதாட்டியாய்ப் பேசி அவனைக் கரையில் எறிந்துவிடுகிறது. இதுவே அவர் எழுதிய நாடகத்தின் தொடக்கம். 1947 நவம்பர் 21இல் அது இந்நகர் மேடையேறியது. ஆசிரியர் முதல் நாள்தான் இறந்திருந்தார். வயது இருபத்தாறு.

ஞாயிறன்று விடியுமுன் எழுதல் வேண்டும். 1703 முதல் நடந்துவரும் மீன் சந்தை கோடையில் காலை ஐந்து மணிக்கும் குளிர்காலத்தில் ஏழு மணிக்கும் தொடங்கி, ஒன்பதரைக்கு முடிந்துவிடும். விற்போர் கூவிக் கூவி அழைப்பதைக் கேட்டால் நம்மூர்ச் சந்தை நினைவு வரும். மீன் மட்டுமன்று, பழமும் பூச்செடியும்கூடக் கிடைக்கும்.

அடுத்து வெட்டல் பகுதியில் குடியேறிகளின் அருங்காட்சியகம். 1850 முதல் இரண்டாம் உலகப் போருக்கு முன்வரை ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பேர் இத்துறையில் கப்பலேறி அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். கப்பல் நிறுவனத் தலைவர் ஆல்பெர்ட் பாலின் 1901இல் அவர்களுக்காகத் தங்குகூடங்கள் அமைத்தார். கொள்ளைநோய்க்குப்பின் குடியேறிகளை நகரத்தாரிடமிருந்து விலக்கி வைப்பதும் அவ்வேற்பாட்டின் ஒரு நோக்கம். ஆயினும் படுக்கையும் உணவும் மருத்துவமும் ஒழுங்காகக் கிடைத்தன. ஒரு மணி நேரம் போதும்.

மீதி நேரத்தை ரோத்தன்பர்க்ஸோர்ட்டுக்கு ஒதுக்குக. அங்கே புல்லன்ஹூசர் டாம் என்னும் தெருவில் ஒரு பழைய பள்ளிக்கூடம் உண்டு. 1943இன் தீயில் சுற்றுப்புறம் அழிந்தும் அதன் சுவர்கள் நின்றன. நகரின் தென்கிழக்கே இருந்த நோயன்காமெ வதைமுகாமின் கிளையாக நாஜிகள் அதனைப் பயன்படுத்தினர். அம்முகாமில் யூதக் குழந்தைகள் இருபது பேர்மீது காசநோய்க் கிருமியைச் செலுத்திச் சோதனை செய்திருந்தனர். பத்துச் சிறுவர், பத்துச் சிறுமியர். ஐந்து முதல் பன்னிரண்டு வயதினர். பிரிட்டிஷ் படை நெருங்கியபோது தடயத்தை மறைக்க எண்ணி, 1945 ஏப்ரல் 20ஆம் நாள் இரவு அவர்களை இப்பள்ளியின் நிலவறைக்குக் கொண்டுவந்து தூக்கிலிட்டனர். அவர்களைப் பேணிய கைதிகளான இரு பிரெஞ்சு மருத்துவரும் இரு டச்சுப் பணியாளரும் உடன் கொல்லப்பட்டனர்; சோவியத்துக் கைதிகள் பலரும் அவ்விரவில் அங்கேயே மாண்டனர். 1948இல் அதே கட்டடத்தில் மீண்டும் வகுப்புகள் நடந்தன. கீழே என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லவில்லை. நினைவிடம் அமைய 1980 வரை காலம் ஆயிற்று.

நினைவிடத்தைப் பார்வையிட ஏற்ற நாள் ஞாயிறே. பள்ளியின் பின்புறம் ஒரு ரோசாத் தோட்டம் உளது. அக்குழந்தைகளின் நினைவாக, வருவோர் எவரும் அங்கே ஒரு செடி நடலாம். ஆதலின், காலையில் மீன் சந்தையில் நிற்கும்போதே பூச்செடி விற்பவரிடம் ஒரு ரோசாச் செடியை வாங்கி வைத்துக்கொள்க.