வந்த அன்றே பாயக்கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்துபஸ்தியில் செம மழை. கரண்ட் போய்விட்டது. தங்கமணி பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். அடியேன் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கொசுவத்தி சுற்றி, கும்பகோணத்து மழையை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது வராந்தாவில் ஆரம்பித்தது சண்டை.

ஒரு பக்கம் எங்கள் பையன், பதினோரு வயது. இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டு பெங்காலிப் பையன். நடுவில் சீட்டுகள். நம்ம ரம்மி சீட்டு இல்லை, 'மேஜிக் த கேதரிங்'. நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை மருமகனுக்கு அனுப்பிய பெட்டி. அதோடு வந்த விதிமுறைத் தாள், வீட்டுச் சாமானெல்லாம் கப்பலில் வந்தபோது எங்கோ போய்விட்டது.

வழக்கு இதுதான். எங்கள் பையன் தன் முறையில் ஒரு பூதத்தை இறக்கி, அப்போதே அதை வைத்துத் தாக்கப் பார்த்தான். "இப்ப முடியாது, அடுத்த முறைதான்" என்றான் அவன். முணுமுணுத்துக்கொண்டே இவன் விட்டுவிட்டான். அடுத்தது அவன் முறை. ஒரு கரடியைக் கொண்டு தாக்கினான். இவன் அதே பூதத்தை முன்னால் தள்ளி மறித்தான். உடனே அவன், "நயா வாலா குச் நஹீ கர் சக்தா". அதாவது, புதுசா வந்தது எதுவும் செய்ய முடியாது.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நாட்டாமைக்கு விதி தெரியாது. ஆனால் தெரியாது என்று எந்த அப்பன் சொல்லியிருக்கிறான்? "அவன் சொல்றது சரிதான்டா. புதுசா வந்தது ஒரு ரவுண்டு சும்மாதான் இருக்கணும்" என்றேன். எங்கள் பையன் ஒன்றும் பேசவில்லை. சீட்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு உள்ளே போய்விட்டான். அந்தப் பையன் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினான்.

நாங்கள் மாற்றலாகி இங்கே வந்தது ஜூனில். பையனுக்கு ஹிந்தி இன்னும் தட்டுத்தடுமாற்றம்தான். அதற்குள் கிடைத்த ஒரே சிநேகிதன் அந்தப் பையன். திங்களும் போச்சு, செவ்வாயும் போச்சு, இவன் வராந்தா பக்கமே போகவில்லை. எனக்கு உறுத்த ஆரம்பித்தது. ஆபீசில் ஆணி பிடுங்கிய நேரம் போக, இந்த விதியின் பூர்வீகத்தைத் தோண்டினேன்.

ஆட்டத்தை உண்டாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். இவர் அப்பா கட்டடக்கலைஞர். வேலைக்காக நாடு நாடாகப் போனவர். குடும்பம் அமெரிக்காவின் ஓரிகானில் நிலையாக உட்காரும்போது மகனுக்கு வயது பன்னிரண்டு. (இதைப் படித்ததும் ஆளின் மேல் தனிப் பாசமே வந்துவிட்டது.) பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்வியல் கணிதத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மனுஷர், ஒரு போர்டு விளையாட்டை விற்க 'விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' கம்பெனியின் பீட்டர் ஆட்கிசனிடம் போனார். அது தயாரிக்கச் செலவாகும், கையில் எடுத்துப்போய்ச் சட்டென்று ஆடுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் ஆட்கிசன். அப்படிப் பிறந்த மேஜிக் 1993 ஆகஸ்டில் கடைக்கு வந்தது. முதல் தொகுப்பில் 295 விதமான சீட்டுகள்.

ஆடாதவர்களுக்கு ரெண்டு வரி. இருவருக்கும் ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. நிலச் சீட்டுகளிலிருந்து 'மானா' என்ற சக்தியை எடுத்து, அதைச் செலவழித்துப் பிராணிகளை இறக்க வேண்டும். பூதம், கரடி, டிராகன் எல்லாம் இதில் அடக்கம். அவற்றால் எதிராளியைத் தாக்கி 20-ஐப் பூஜ்யமாக்க வேண்டும். தாக்கும் பிராணியின் சீட்டைப் பக்கவாட்டில் சாய்த்து வைப்பார்கள். எதிராளி தன் பிராணியைக் கொண்டு மறிக்கலாம். மறிப்பதற்குச் சாய்க்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துச் சீட்டுகளில் பிராணி என்றே போட்டிருக்காது. 'சம்மன்' என்று போட்டு, பக்கத்தில் அதன் இனம் இருக்கும். சம்மன் என்றால் வரவழைப்பது. வரவழைத்த உடனே அது தாக்க முடியாது என்ற விதிக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'சம்மனிங் சிக்னஸ்', அதாவது வரவழைப்பு மயக்கம். நமக்கு இது சுலபமாகப் புரியும். சென்னையில் கப்பல் ஏறி, மூன்று நாள் ஆடி ஆடி வந்து, ஹாடோ ஜெட்டியில் இறங்குகிறவனுக்குத் தரையும் ஆடுமே, அதேதான். எங்கேயோ இருந்த டிராகனை மேஜைக்கு இழுத்துவந்தால் அதற்கும் தலை சுற்றாதா?

1999-ல் ஆறாம் பதிப்பு வந்தபோது விதிகளை மொத்தமாகத் துடைத்து எழுதினார்கள். சீட்டிலிருந்து 'சம்மன்' என்ற சொல் போய், 'கிரீச்சர்' வந்தது. மயக்கம் மட்டும் ஆட்டக்காரர்கள் வாயில் தங்கிவிட்டது. போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிய பிறகும் நாம் போர்ட் பிளேர் என்றே சொல்லவில்லையா? இன்றைய முழு விதிப்புத்தகத்தில் 302.6 என்ற எண்ணில் இருக்கிறது இந்த விதி. பேச்சுவழக்கில் இதற்குச் 'சம்மனிங் சிக்னஸ்' என்று பெயர் என்று அந்தப் புத்தகமே ஒத்துக்கொள்கிறது.

அங்கே என்ன சொல்லியிருக்கிறது? உன் முறை தொடங்கிய கணத்திலிருந்து விடாமல் உன் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் ஒரு பிராணி தாக்கலாம், தன்னையே சாய்த்துச் செய்யும் வேலைகளையும் செய்யலாம். அவ்வளவுதான். 'ஒரு ரவுண்டு சும்மா இரு' என்று எங்குமே இல்லை. எதிராளியின் முறையிலேயே இறங்கத் தெரிந்த சில பிராணிகள் உண்டு. உன் முறை தொடங்கும்போது அவை ஏற்கெனவே அங்கே இருக்கும், காத்திருக்காமல் பாயும். எதிராளியின் பிராணியை மந்திரம் போட்டுப் பிடுங்கிக்கொண்டால், அங்கே பத்து முறை பழம் தின்று கொட்டை போட்டதாக இருந்தாலும் உன்னிடம் அது புதுசுதான். கம்பெனி மாறினால் சீனியாரிட்டி போவது மாதிரி :)

இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டவே ஒரு சீட்டு உண்டு. 1994-ல் வந்த 'பால் லைட்னிங்'. மூன்று சிவப்பு மானா கொடுத்தால் வந்து, வந்த கையோடு தாக்கி ஆறு புள்ளியைக் கழித்து, அந்த முறை முடிவதற்குள் செத்தும் போகும். இருபதில் ஆறு! எல்லாப் பிராணியும் இப்படிப் பாய்ந்தால் எதிராளி யோசிக்க, பதில் வைக்க இடம் ஏது? ஆக, இந்த மயக்கம் புதிதாக வந்ததற்குக் கொடுக்கிற தண்டனை இல்லை. ஏற்கெனவே மேஜையில் இருப்பவனுக்கு வந்திருப்பதைப் பார்த்துக்கொள்ள ஒரு அவகாசம். பால் லைட்னிங் மாதிரியான விதிவிலக்குகளுக்குப் பின்னால் 'ஹேஸ்ட்' என்று ஒரே சொல் கிடைத்தது. 2003-ல், மாட்டிக்கொண்டால் யாருக்கும் ஹேஸ்ட் கொடுக்கும் காலணிச் சீட்டுகூட வந்தது.

மற்றவர்கள் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். ஜப்பானில் 1999-ல் வந்த யூகியோ சீட்டாட்டத்தில் வந்த அன்றே தாக்கலாம், ஆனால் முதலில் ஆடுகிறவன் தன் முதல் முறையில் தாக்கக்கூடாது. 2014-ல் வந்த ஹார்த்ஸ்டோன் கணினி ஆட்டம் மேஜிக் வழியிலேயே போய், 2018-ல் 'ரஷ்' என்று நடுவாந்திரமாக ஒன்றைச் சேர்த்தது. வந்தவுடன் எதிராளியின் படையைத் தாக்கலாம், எதிராளியைத் தாக்க முடியாது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில் வெட்டின காயை உன் காயாகவே திரும்ப இறக்கலாம். ஆனால் இறக்கும்போதே அது பதவி உயர்வோடு வராது. சிப்பாயை இறக்கி அந்த நகர்விலேயே ராஜாவுக்கு மேட் வைப்பதும் கூடாது.

நம்ம தாயக்கட்டையை விட்டுவிட முடியுமா? அதில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். விழாதவன் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இறங்கிய பின் மயக்கம் எல்லாம் கிடையாது, அடுத்த உருட்டலிலேயே வெட்டலாம். ஆனால் எங்கள் வீட்டு ஆட்டத்தில், ஒரு வெட்டாவது வெட்டாதவன் உள்கட்டத்துக்குள் போய்ப் பழம் எடுக்க முடியாது. மேஜிக்கில் வாசலைத் தாண்டி வந்தவனைக் கூடத்தில் கொஞ்சம் உட்காரச் சொல்கிறார்கள். தாயத்தில் வாசலிலேயே நிறுத்திவைக்கிறார்கள், உள்ளே வந்தபின் வீரத்தைக் காட்டு என்கிறார்கள். எனக்கு முதலாவதுதான் மரியாதையாகப் படுகிறது. பாட்டி இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

புதுசாக வந்தவர்களுக்கு விதி போட்டதில் இந்த ஊருக்கே ஒரு வரலாறு உண்டு. 1858 மார்ச்சில் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்து தொடங்கிய குடியேற்றம் இது. பல வருஷம் தண்டனை கழித்தவர்கள் நிலம் வாங்கிப் பயிர் செய்து, கல்யாணம் கட்டி வாழவும் வழி இருந்தது. 1890-ல் லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரண்டு அதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள். தாய்நாட்டுச் சிறையைவிட அந்தமானே மேல் என்று கைதிகள் நினைக்கிறார்கள், பயம் விட்டுப்போச்சு என்று முடிவு கட்டினார்கள். வந்து இறங்கியவுடன் கொஞ்ச காலம் கடுமையாக அடைத்துவைக்க வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. அதற்காகக் கட்டியதுதான் செல்லுலார் ஜெயில். 1896-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. புதிதாக வந்தவனுக்கு முதல் ஆறு மாதம் தனியறை. ஒருத்தன் முகத்தை இன்னொருத்தன் பார்க்க முடியாதபடி, ஒரு வரிசையின் முன்பக்கம் அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கும். இங்கே காத்திருப்பு யாருக்கும் அவகாசம் கொடுப்பதற்கு இல்லை, வந்தவனை உடைப்பதற்கு. 'புதுசா வந்தது எதுவும் செய்ய முடியாது' என்பது இந்த ஜெயிலின் விதி. மேஜிக்கின் விதி அப்படி எப்போதுமே இருந்ததில்லை.

மறிப்பதற்குச் சாய்க்க வேண்டியதில்லை என்று சொன்னேன் அல்லவா? தாக்கக்கூடாது, சாயக்கூடாது என்பது மட்டும்தான் தடை. மறிக்கலாம். 1993-லிருந்து இன்றுவரை, இப்போது வந்து இறங்கிய பூதம் அடுத்து எதிராளியின் முறையில் கரடியைத் தாராளமாக மறிக்கலாம். பெங்காலிப் பையன் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. நாட்டாமை சொன்னது முழுத் தப்பு.

புதன்கிழமை சாயங்காலம் பையனை உட்காரவைத்துச் சொன்னேன். தாக்கினது உன் தப்பு, மறிச்சது சரி, நான் பார்க்காமல் தீர்ப்பு சொன்னது என் தப்பு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "ஸ்கூல்லயும் அப்படித்தான்னு நெனச்சேன்பா" என்றான். என்ன ஆச்சு என்று கேட்டேன். யாரோ ஒருத்தன் தினமும் இவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொள்கிறானாம். புதுசா வந்தவன் பேசக்கூடாது போல என்று ஜூனிலிருந்து இவனும் விட்டுக்கொண்டிருக்கிறான். தங்கமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். வியாழக்கிழமை இருவரும் லீவு போட்டுவிட்டு அவன் டீச்சரைப் பார்த்தோம்.

விதி 302.6-ஐத் தமிழிலும் தட்டுத்தடுமாறி ஹிந்தியிலும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஹிந்தியில் மூன்று பிழை என்று பக்கத்து வீட்டுப் பையன் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறான். இப்போது வராந்தாவில்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைக் கரடி தாக்கிய இடத்திலிருந்து ஆட வேண்டும் என்று இவன், முதலிலிருந்து ஆட வேண்டும் என்று அவன். என்னை யாரும் கேட்கவில்லை.