எச்சிலும் காற்றும்: மலையகத்துக் காசநோய் பற்றி ஒரு குறிப்பு

மலையகத் தோட்டங்களிற் காசநோய் பரவுவதற்குத் தொழிலாளர் வெற்றிலை மென்று துப்பும் பழக்கமே காரணம் என்பது எளிதிற் கூறப்படும் கருத்தாகும். காரணம் தொழிலாளரின் வாயிலுள்ளதா, அவர் வாழும் அறையிலுள்ளதா என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா.

துப்பல் மீதான அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1882இல் றொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பின்னர், நோயாளியின் சளி உலர்ந்து தூசியாகி நோயைப் பரப்புகின்றது என்ற கொள்கை வலுப்பெற்றது. 1896இல் நியூயோர்க் நகரம் பொதுவிடங்களில் துப்புவதைத் தடைசெய்தது. ஆயின் 1950களின் பிற்பகுதியில் பால்டிமோர் நகரில் றைலி முதலியோர் நடத்திய ஆய்வில், நோயாளர் விடுதியின் காற்றை மட்டும் சுவாசித்த கினிப்பன்றிகள் தொற்றுக்குள்ளாயின. இருமும்போது வெளிப்படும் நுண்துளிகளே காற்றில் நெடுநேரம் மிதந்து பிறர் நுரையீரலை அடைகின்றன. நிலத்தில் வீழ்ந்த எச்சில் அவ்வாறு மிதப்பதில்லை.

இனி ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் லயன்களை நோக்குவோம். கோப்பிக் காலத்திலே தோன்றி, தேயிலைக் காலத்திலும் நிலைத்த இவ்வமைப்பில், ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான காம்பராவொன்றில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. மலையுயரத்துக் குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த இரவில், ஒருவர் இருமிய காற்றையே அனைவரும் சுவாசித்தனர்; அடுப்புப் புகையும் அதனோடு கலந்தது. சாளரத்தின் அளவைத் தீர்மானித்தவர் தொழிலாளர் அல்லர். இன்றும் லயன்களில் வாழ்வோர் பலர்.

வெற்றிலை குற்றமற்றதென நாம் வாதிடவில்லை. பாக்கு புற்றுநோயை விளைவிக்கும் பொருளென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. மேலும், சிவந்த எச்சிலில் சளியோடு வரும் இரத்தம் கண்ணுக்குப் புலப்படாது போகலாம். அதனால் நோயறிதல் தாமதமாகலாம். எனினும் அப்பழக்கம் குளிரிலும் பசியிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் உழைப்போடு பிணைந்தது என்பதை மறத்தலாகாது.

1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஏழைகளின் நெருக்கமான வீடுகளிலேயே மருந்துண்ட நோயாளர், மருத்துவமனையில் தங்கியோரை ஒத்த அளவிற் குணமடைந்தனர். உடன்வாழ்ந்தோருக்கும் அதனால் மேலதிக ஆபத்து நேரவில்லை. காலத்தில் நோயறிந்து மருந்தளித்தாற் பரவலைத் தடுக்கலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் சளிப் பரிசோதனைக்குச் செல்லும் தொழிலாளி ஒரு நாட்பேரை இழக்க நேருமாயின், அவர் இருமலை மறைக்கவே முற்படுவார். ஆகவே, துப்பாதே என அறிவுறுத்துவோர் காற்றோட்டமுள்ள வீட்டையும், சம்பள இழப்பற்ற சிகிச்சையையும் முதலில் கோருதல் வேண்டும்.