8192-ல் ஒன்று: ஒரு விளையாட்டுக் கணக்கின் கதை

இன்றைய பதிவு சற்று நீளம். காபியோடு உட்கார்ந்து பொறுமையாக வாசியுங்கள்.

கோடை விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். ஏழாம் வகுப்பு முடித்தவள். அவள் அப்பா வாங்கிக் கொடுத்த நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் போக்கிமான் விளையாடுகிறாள். பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று ஐந்து ஐந்தாகப் பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருந்தாள்.

"என்னட்டி இது?"

"முட்டைக் கணக்கு ஆச்சி. முட்டை பொரிச்சா ஒரு குட்டி வரும். எப்பவாவது ஒண்ணு மட்டும் வேற நிறத்துல வரும். அதுக்குப் பேரு ஷைனி. 512-ல ஒண்ணு வரும்னு போட்டிருக்கான். நான் 530 பொரிச்சிட்டேன். இந்நேரம் வந்திருக்கணும்லா? இனிமே கண்டிப்பா வந்துரும், என்ன?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த 512 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பேத்தி ஊருக்குப் போன பிறகும் நான் இதை விடவில்லை. தோண்டத் தோண்ட நல்ல வரலாறு கிடைத்தது.

ஜப்பானில் 1996 பிப்ரவரி 27 அன்று கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்காக 'போக்கிமான் சிவப்பு', 'போக்கிமான் பச்சை' என்று இரண்டு விளையாட்டுகள் வெளிவந்தன. உருவாக்கியவர் சதோஷி தஜிரி. சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பைத்தியமாக இருந்தவர். நாம் பொன்வண்டைத் தீப்பெட்டியில் வைத்து வளர்த்தோமே, அதே ஆசைதான் விளையாட்டாக மாறியது.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு பிராணிக்கும் தாக்குதல், தற்காப்பு, வேகம், சிறப்புத்திறன் என்ற நான்கிற்கும் 0 முதல் 15 வரை ஒரு மறை எண் உண்டு. ஏன் 15? கணினி நினைவகத்தில் நான்கு இருமத் துண்டுகள் ஒதுக்கினால் 16 எண்களைத்தான் எழுத முடியும். இட நெருக்கடியில் செய்த சிக்கனம். ஒரே இனத்துப் பிராணிகள் இரண்டு ஒன்றுபோல் இல்லாமலிருக்க இந்த எண்கள் உதவின.

1999 நவம்பர் 21 அன்று அடுத்த தலைமுறையாகத் 'தங்கம்', 'வெள்ளி' வந்தன. இதற்குள் வண்ணத் திரை உள்ள கேம் பாய் கலர் கருவி கடைக்கு வந்திருந்தது. வண்ணம் இருக்கிறதே, சில பிராணிகளை மட்டும் வேறு நிறத்தில் காட்டலாம் என்று முடிவு செய்தார்கள். ஜப்பானியர்கள் இதை 'இரோ சிகாய்' என்கிறார்கள், அதாவது நிறம் மாறியது.

எந்தப் பிராணிக்கு நிறம் மாற வேண்டும் என்பதற்குப் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. ஏற்கெனவே இருந்த நான்கு மறை எண்களையே பயன்படுத்தினார்கள். தற்காப்பு, வேகம், சிறப்புத்திறன் மூன்றும் சரியாக 10 ஆக இருக்க வேண்டும். தாக்குதல் எண் 2, 3, 6, 7, 10, 11, 14, 15 ஆகிய எட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். கணக்குப் போடுங்கள். முதல் மூன்றுக்கும் தலா 16-ல் ஒன்று. தாக்குதலுக்கு 16-ல் 8, அதாவது இரண்டில் ஒன்று. 16 × 16 × 16 × 2 = 8192. ஆக, வாய்ப்பு 8192-ல் ஒன்று.

இதில் ஒரு அழகு உண்டு. 1996 விளையாட்டில் பிடித்த பிராணியை 1999 விளையாட்டுக்கு மாற்றிக்கொள்ளவும் வழி வைத்திருந்தார்கள். மறை எண்கள் அப்படியே கூட வரும். மூன்று வருடமாகச் சாதாரணமாகத் தெரிந்த ஒரு பிராணி, இங்கே வந்ததும் நிறம் மாறி நிற்கலாம்! அதற்குள் அந்த எண்கள் எப்போதும் இருந்தன. காட்டுவதற்குத்தான் அப்போது வழியில்லை. 40 பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் நின்றவர்களுக்கு இது புரியும்.

8192-ல் ஒன்று என்றால் பெரும்பாலான பிள்ளைகள் கண்ணால் பார்க்காமலே போய்விடுவார்களே? அதற்காக ஓர் ஏரியில் சிவப்பு நிறக் கியாரடோஸ் ஒன்றைக் கதையின் பகுதியாகவே வைத்தார்கள். வழக்கமாக அது நீலம். இப்படி ஒன்று உண்டு என்று எல்லோருக்கும் ஒரு முறை காட்டிவிட்டார்கள். நல்ல ஆசிரியர் செய்கிற வேலை.

2002-ல் 'ரூபி', 'சஃபையர்' வந்தபோது முறையை மாற்றினார்கள். விளையாடுபவரின் அடையாள எண், அவருக்கே தெரியாத இரகசிய எண், பிராணியின் சொந்த எண் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கணக்கு. விடை 0 முதல் 65,535 வரை எதுவாகவும் வரலாம். 8-க்குக் குறைவாக வந்தால் ஷைனி. 65,536-ல் 8 என்றாலும் அதே 8192-ல் ஒன்றுதான். வழி மாறினாலும் விடை மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். 2013-ல் 'எக்ஸ்', 'ஒய்' வந்தபோது அந்த 8 என்ற எல்லையை 16 ஆக்கினார்கள். வாய்ப்பு இரட்டிப்பாகி 4096-ல் ஒன்று ஆனது.

பேத்தி சொன்ன 512? வெவ்வேறு மொழிப் பதிப்புகளைச் சேர்ந்த இரண்டு பிராணிகளைச் சேர்த்து முட்டை எடுத்தால் வாய்ப்பு கூடும். விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜூனிச்சி மசூதாவின் பெயரால் இதை மசூதா முறை என்கிறார்கள். எல்லா இனங்களையும் சேகரித்து முடித்தவருக்கு ஒரு தாயத்தும் கிடைக்கும். இரண்டும் இருந்தால் கருவி ஒரு முட்டைக்கு ஒரு முறைக்குப் பதில் 8 முறை குலுக்கிப் பார்க்கும். 4096-ஐ 8-ஆல் வகுத்தால் 512.

சரி, 512-ல் ஒன்று என்றால் 512 முட்டைக்குள் வந்தாக வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு 370 வயது. பிரான்சில் ஷெவாலியே தெ மெரே என்ற சூதாட்டப் பிரியர் இருந்தார். ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டுவது இலாபம். அப்படியானால் இரண்டு பகடைகளைச் சேர்த்து 24 முறை உருட்டினால் இரட்டை ஆறு விழ வேண்டும் அல்லவா? 6-க்கு 4 என்றால் 36-க்கு 24. நாம் ஏழாம் வகுப்பில் நடத்துகிற நேர்விகிதம்! ஆனால் கணக்கு உதைத்தது. அவர் பாஸ்கலிடம் கொண்டுபோனார். 1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டக் கணக்குகளைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களில்தான் நிகழ்தகவு என்ற துறையே பிறந்தது.

வழி எளிது. வருவதைக் கணக்கிடாதே, வராமல் போவதைக் கணக்கிடு. ஒரு பகடையில் ஆறு விழாமல் போக வாய்ப்பு 5/6. நான்கு முறையும் விழாமல் போக 5/6-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். அதை ஒன்றிலிருந்து கழித்தால் 51.8 சதவீதம், இலாபம். இரண்டு பகடைக்கு 35/36-ஐ 24 முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 49.1 சதவீதம், நட்டம். நேர்விகிதம் இந்த இடத்தில் செல்லாது.

இதை இன்னும் சுலபமாக்கியவர் ஆப்ரகாம் தெ மொய்வர். மதக் கொடுமைக்குத் தப்பி பிரான்சிலிருந்து இலண்டனுக்கு ஓடிவந்த அகதி. வேலை கிடைக்காமல் வீடு வீடாகப் போய் டியூஷன் எடுத்துப் பிழைத்தவர். நம்ம இனம்! 1718-ல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு சூத்திரம் இருக்கிறது. அரிய ஒன்று நடக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமானால், அந்த எண்ணை ஏறத்தாழ 0.7-ஆல் பெருக்கு. 8192 என்றால் சுமார் 5,680 முறை. 512 என்றால் சுமார் 355 முறை.

512 முட்டை முழுவதும் பொரித்தால்? வாய்ப்பு 63 சதவீதம். பேத்தியைப் போல நூறு பிள்ளைகள் ஆளுக்கு 512 முட்டை பொரித்தால் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடு இருப்பார்கள். 1024 பொரித்தாலும் 13, 14 பேருக்கு வந்திருக்காது. அவர்கள் மேல் தப்பே இல்லை.

இன்னொன்று. முட்டைக்கு ஞாபகம் கிடையாது. 530 முட்டை வீணாகப் போனது 531-வது முட்டைக்குத் தெரியாது. அதற்கும் அதே 512-ல் ஒன்றுதான். 1913-ல் மான்டி கார்லோ சூதாட்ட மண்டபத்தில் சுழல் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. இனி சிவப்புதான் என்று நம்பிக் கட்டியவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். சக்கரத்துக்கும் ஞாபகம் இல்லை.

ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி எழுதப்பட்ட விளையாட்டுகளும் உண்டு. 2006-ல் வந்த 'டைமண்ட்', 'பேர்ல்' விளையாட்டுகளில் ஒரே இனத்தை அறுபடாமல் 40 முறை தொடர்ந்து சந்தித்தால் வாய்ப்பு ஒரு புல் புதருக்கு 200-ல் ஒன்று வரை ஏறும். சங்கிலி அறுந்தால் பழையபடி ஆரம்பத்துக்கு வர வேண்டும். அங்கே பழைய எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு, விதி அப்படி எழுதப்பட்டிருப்பதால். ஆகவே விதியை முதலில் படிக்க வேண்டும்.

சேகரிப்பு ஆசையைக் காசாக்கியவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் கைபேசி விளையாட்டுகளில் 'கொம்பு கச்சா' என்று ஒன்று பரவியது. காசு போட்டால் ஏதோ ஒரு படம் வரும். குறிப்பிட்ட படங்கள் எல்லாம் சேர்ந்தால்தான் பெரிய பரிசு. பத்துப் படங்கள், எல்லாம் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து படங்கள் சராசரியாக ஆறேழு முறையில் கிடைத்துவிடும். அடுத்த ஐந்துக்கு ஏறத்தாழ 23 முறை. கடைசி ஒரு படத்துக்கு மட்டும் சராசரி 10 முறை. பாதி சேர்ந்துவிட்டதே என்று நினைக்கும்போது செலவில் கால்வாசிகூட ஆகியிருக்காது. சிறுபிள்ளைகள் பெற்றோர் பணத்தைக் கொட்டியது பிரச்சினையாகி, 2012-ல் ஜப்பானிய அரசின் நுகர்வோர் முகமை இது சட்டவிரோதம் என்று அறிவித்தது. 2017 முதல் சீனாவில் இத்தகைய குலுக்கல்களின் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று விதி வந்தது.

இப்போது எனக்கு ஏன் சுருக்கென்றது என்று சொல்கிறேன்.

என் அப்பாவிடமும் ஒரு நோட்டு இருந்தது. லாட்டரி நோட்டு. ஒவ்வொரு வாரமும் பரிசு விழுந்த சீட்டின் கடைசி எண்ணைக் குறித்து வைப்பார். "ரெண்டு மாசமா 7 வரல. இந்த வாரம் 7 வந்தே தீரணும்" என்பார். 7-ல் முடியும் சீட்டாகத் தேடி வாங்குவார். அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போய்த் திரும்பவே இல்லை. நான் அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பின்னமும் விகிதமும் நடத்துகிறேன். வீட்டில் அப்பாவிடம், "சீட்டுக்கு ஞாபகம் கிடையாதுப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. சொல்லத் துணிவும் இல்லை. 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்தது. அதைப் பார்க்க அப்பா இல்லை.

பேத்தியின் நோட்டைப் பார்த்ததும் அந்த நோட்டுதான் கண்முன் வந்தது. அவள் காசு எதுவும் கட்டவில்லைதான். ஆனால் நம்பிக்கை அதே நம்பிக்கை.

அவளுக்கு நான் பாடம் நடத்தவில்லை. லூடோ பெட்டியிலிருந்து பகடையை எடுத்துவரச் சொன்னேன். "ஆறு விழ வாய்ப்பு ஆறுல ஒண்ணு. ஆறு தடவை உருட்டு. ஒரு ஆறாவது விழுதான்னு பாரு" என்றேன். இப்படி 20 சுற்று. 7 சுற்றுகளில் ஆறு விழவே இல்லை. கணக்குப்படி வர வேண்டியதும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ 531-வது முட்டை, முதல் முட்டை மாதிரிதானா ஆச்சி?"

"ஆமாட்டி."

"அப்போ இவ்வளவு கோடு போட்டது வேஸ்ட்டா?"

"வேஸ்ட் இல்ல. எத்தனை பொரிச்சன்னு அது சொல்லும். எப்போ வரும்னு சொல்லாது."

அவள் விளையாட்டை விடவில்லை. விடச் சொல்லவும் நான் சொல்லவில்லை. ஆசைப்பட்டதைத் தேடுவதில் தப்பில்லை. ஊருக்குக் கிளம்பும்வரை வரவும் இல்லை. "வந்தா வரட்டும் ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினாள். 35 வருடம் சாக்பீஸ் பிடித்ததில் எனக்குக் கிடைத்த நல்ல மதிப்பெண்களில் அதுவும் ஒன்று.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி ஏதாவது எண்ணிக்கொண்டிருப்பார்கள். கருவியைப் பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன எண்ணுகிறாய் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஒரு பகடை கைவசம் இருக்கட்டும்.

கணக்கில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.