பார்த்துக்கொள்கிறவளின் பெயர்

1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் ஆகஸ்டே டீட்டர் என்ற ஐம்பத்தொரு வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். தன் பெயரை எழுதச் சொன்னால் பாதியில் மறந்துபோனார். கணவரின் பெயரைக் கேட்டால் தன் பெயரைச் சொன்னார். அவருடைய பதில்களை வரிவரியாகக் குறித்துவைத்தவர் அங்கிருந்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர். 1906 ஏப்ரலில் ஆகஸ்டே இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த அல்சைமர், அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கனில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் தான் கண்டதைச் சொன்னார். 1910-இல் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயரே நிலைத்தது. டிமென்ஷியாவின் நவீன வரலாறு என்று நாம் படிப்பது பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தக் கதையில் நோயாளிக்குப் பெயர் இருக்கிறது, மருத்துவருக்குப் பெயர் இருக்கிறது. நான்கரை ஆண்டுகள் அந்தப் பெண்ணுக்குச் சோறூட்டி, குளிப்பாட்டி, இரவில் எழுந்து அலைந்தபோது படுக்கைக்குத் திருப்பி அழைத்து வந்த கைகளுக்குப் பெயர் இல்லை. பார்த்துக்கொள்கிறவர்களின் வரலாற்றை எழுத முற்படும் யாரும் இந்தப் பெயரில்லாத இடத்தில்தான் முதலில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

தமிழிலும் அப்படித்தான். நோய்க்கு நம்மிடம் சொற்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் ‘அறளை பேர்ந்திட்டுது’ என்பார்கள். நம் ஊர்களில் ‘ஓர்மை தப்பிப்போச்சு’, ‘புத்தி தடுமாறுது’ என்பார்கள். ஆனால், பார்த்துக்கொள்கிறவரை வீட்டில் யாரும் ‘பராமரிப்பாளர்’ என்று அழைப்பதில்லை. அது மருத்துவமனைப் படிவத்தின் சொல். வீட்டில் அவள் மகள், மனைவி, மருமகள். உறவுப் பெயருக்குள்ளேயே வேலை அடங்கிவிடுவதால் அந்த வேலைக்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை. படிவத்தில் ‘பராமரிப்பாளர்’ என்று எழுதியவுடன் இன்னொன்று நடக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பால் இல்லை, மரியாதையான பொதுச்சொல். அதை எழுதிய கணத்தில் அங்கே நிற்பவள் பெண் என்பது மறைந்துவிடுகிறது.

எண்கள் அதை மறைக்கவில்லை. 2019-இல் எடுக்கப்பட்ட இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024 கணக்கெடுப்பில் அது 289, 88 என்று ஆனது. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது! இடைவெளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் ஆண்களைவிடப் பெண்களின் விகிதமே அதிகம். நோயைச் சுமப்பவர்களிலும் நோயாளியைச் சுமப்பவர்களிலும் பெண்களே கூடுதல்.

இந்தப் பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டும், துணை நிற்க வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் 1980களில் உருத்திரண்டது. 1981-இல் இரண்டு எழுத்துகள் வந்தன. நான்சி மேஸும் பீட்டர் ராபின்ஸும் குடும்பத்தினருக்காக எழுதிய ‘முப்பத்தாறு மணி நேர நாள்’ என்ற வழிகாட்டி நூல் ஒன்று. மற்றொன்று, முதிய பெற்றோருக்கும் தன் பிள்ளைகளுக்கும் வேலைக்கும் இடையில் நசுங்கும் பெண்களை ‘நடுவில் நிற்கும் பெண்கள்’ என்று பெயரிட்டு எலெய்ன் பிராடி எழுதிய கட்டுரை. முதலாவது வேலையின் நீளத்தைச் சொன்னது. இரண்டாவது அந்த வேலையைச் செய்கிறவள் யார் என்று சொன்னது. பின்னால் வந்த தொழில்நுட்பங்கள் முதல் கேள்வியை எடுத்துக்கொண்ட அளவுக்கு இரண்டாவதை எடுத்துக்கொண்டனவா என்பதுதான் என் கேள்வி.

கணினியைக் கொண்டு முதலில் முயன்றவர்களில் ஒருவர் ஒரு செவிலியர். பட்ரிசியா பிளாட்லி பிரென்னன் செவிலியர் பணியோடு தொழிலகப் பொறியியலில் முனைவர் பட்டமும் பெற்றவர். பின்னாளில், 2016-இல், அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்துக்கு இயக்குநரான முதல் பெண். அந்தப் பதவிக்கு வந்த முதல் செவிலியரும் அவரே. இணையம் வீடுகளுக்குள் வராத காலத்தில், ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் ‘கம்ப்யூட்டர்லிங்க்’ என்ற ஏற்பாட்டை அவர் நடத்தினார். அல்சைமர் நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொண்ட 102 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் வீடுகளில் திரையும் விசைப்பலகையும் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடமும் ஓராண்டுக்கு வைக்கப்பட்டன. அதில் மூன்று பகுதிகள்: நோயைப் பற்றிய தகவல் களஞ்சியம், முடிவெடுக்க உதவும் கேள்வி வரிசை, ஒருவரோடொருவர் எழுதிக்கொள்ளும் இடம். செவிலியர் ஒருவர் அதை நெறிப்படுத்தினார். பகல் இரவு எந்நேரமும் அது திறந்திருந்தது.

அவர்கள் அதிகம் போனது தகவல் களஞ்சியத்துக்கு அல்ல. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் இடத்துக்குத்தான். நோயாளி உறங்கிய பிறகு கிடைக்கும் நேரத்தில், தன்னைப்போலவே விழித்திருக்கும் இன்னொருவருக்கு எழுதுவது அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. 1995-இல் வெளியான முடிவுகளை நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. முடிவெடுப்பதில் அவர்களுடைய தன்னம்பிக்கை கூடியது. ஆனால், தனிமை உணர்வில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஒரு திரை ஒருத்திக்குத் தைரியம் தந்தது. அவள் தனியாக நிற்கும் நிலையை மாற்றவில்லை. அதற்குத் திரைக்கு வெளியே யாராவது வந்திருக்க வேண்டும்.

அடுத்ததாக பாஸ்டனில் டயான் மஹோனியும் அவர் குழுவினரும் தொலைபேசியை எடுத்துக்கொண்டார்கள். தானியங்கிக் குரல் ஒன்று அறிவுரை சொல்லும். அதோடு நோயாளியோடும் பேசி, அவர் கவனத்தைச் சிறிது நேரம் திருப்பிவைக்கும். 2003-இல் வெளியான அந்த ஆய்வில், தன்னால் சமாளிக்க முடியவில்லை என்று தவித்த மனைவியருக்குத்தான் அதிகப் பயன் கிடைத்தது. எனக்கு இதில் முக்கியமாகப்படுவது அறிவுரைக் குரல் அல்ல. நோயாளியோடு பேசிய குரல். அந்தச் சில நிமிடங்கள் அவளுக்குப் பாடம் எதையும் நடத்தவில்லை. அவளுடைய வேலையில் ஒரு துண்டை வாங்கிக்கொண்டன.

இந்தியாவில் வரலாறு வேறு திசையில் போனது. 1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவுக்கு 10/66 என்று பெயர் வைத்தார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள். மக்கள்தொகை சார்ந்த ஆய்வுகளில் பத்து விழுக்காடுகூட அங்கே நடக்கவில்லை என்பது அந்தப் பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அந்த ஆய்வுக் களங்களில் இருந்தன. அந்த மரபில் கோவாவில் நடந்த முயற்சி 2008-இல் வெளியானது. மேல்நிலைப் பள்ளி வரை படித்த உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி தந்து, ‘வீட்டுப் பராமரிப்பு ஆலோசகர்’ என்று பெயர் தந்து, 81 குடும்பங்கள் பங்கேற்ற ஆய்வில் ஒரு பகுதிக் குடும்பங்களின் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் அவர்கள் போய் வந்த வீடுகளில் பார்த்துக்கொள்கிறவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. பெரிய கருவி எதுவும் இல்லை. வீட்டுப் படியேறி வந்த ஒரு மனிதர், அவ்வளவுதான்.

2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் ‘ஐசப்போர்ட்’ என்ற பயிற்சிக் கையேட்டை வெளியிட்டது. ஐந்து பகுதிகள், அதில் ஒன்று பார்த்துக்கொள்கிறவர் தன்னைப் பார்த்துக்கொள்வது பற்றியது. நோயாளியை மட்டுமல்ல, அவளையும் கணக்கில் எடுத்த அக்கறையான பாடத்திட்டம். அதன் இணைய வடிவத்தை இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் குழு சோதித்தது. 2021-இல் வெளியான அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 151 பேர். இறுதிவரை நின்றவர்கள் 55 பேர். நோயாளியை மனிதராகப் பார்க்கும் மனப்பான்மை கூடியது. பார்த்துக்கொள்கிறவர்களின் மனச்சோர்விலும் சுமையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சேர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் விலகிப்போனதைச் சோம்பல் என்று படிக்க என்னால் முடியாது. முப்பத்தாறு மணி நேர நாளில் பாடம் படிக்க முப்பத்தேழாவது மணி எங்கே இருக்கிறது?

போன் யாருடையது என்பதும் ஒரு கேள்வி. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தானே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் 54 விழுக்காடு. ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடு. ஆண்கள் 57 விழுக்காடு. என் முதுகலை மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் கிடைத்த பயிற்சிக் கையேட்டைத் தன் போனில் இறக்கி, ஆச்சியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு இரவுகளில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் போன் உள்ளவர்கள் அப்பாவும் அண்ணனும்கூடத்தான். தொழில்நுட்பத்துக்கும் தாய்க்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நின்றவள் மகள்தான். பார்த்துக்கொள்ளும் வேலை இப்படியும் ஒரு தலைமுறை கீழே இறங்குகிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. ‘பிள்ளைகள்’ என்று அது சொல்வது மகன், மகள், பேரன், பேத்தி. நடைமுறையில் எத்தனையோ வீடுகளில் வேலையைச் செய்யும் மருமகள் அதில் இல்லை. 2019-இல் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் பட்டியலில் சேர்க்க முனைந்தது. அவளுடைய உழைப்பு எண்ணப்படாதிருந்த இடத்தில் முதலில் வந்து உட்காரப் பார்த்தது கடமை. ஊதியமோ ஓய்வுநாளோ அல்ல.

இங்கே என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் அப்பத்தாவுக்கு ஓர்மை தப்பியபோது அம்மாவுக்கு எந்தக் கையேடும் கிடைக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரமானால் அப்பத்தா சேலைத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு, “எங்க ஊருக்குப் போகணும்” என்று வாசலுக்கு வந்துவிடும். “இதுதான் உங்க வீடு” என்று சொன்னவர்களை அடிக்கக் கை ஓங்கும். அம்மா ஒரு வாரத்தில் வழி கண்டுபிடித்தார். “வாங்க அத்தை, போவோம்” என்று மூட்டையைத் தான் வாங்கிக்கொள்வார். தெருக்கோடி வரை நடந்து, அப்பத்தாவின் அம்மா வீட்டுக் கிணற்றைப் பற்றிக் கேட்டுக்கொண்டே திரும்பி வருவார். வாசலைப் பார்த்ததும், “இந்தா வந்தாச்சு அத்தை” என்பார். மறுத்துப் பேசாதே, உணர்வை ஏற்றுக்கொள், கவனத்தை மெல்லத் திருப்பு என்று இன்றைய பாடங்கள் சொல்வது இதைத்தான்.

பயிற்சி என்ற சொல் எனக்கு உறுத்துவது இந்த இடத்தில்தான். அறிவு மேலிருந்து கீழே இறங்குவதாகவும், அடுப்படியில் நிற்பவள் கற்றுக்கொள்ளாதவள் என்றும் அந்தச் சொல் நினைக்கிறது. கிளீவ்லாந்துப் பெண்கள் இரவில் ஒருவருக்கொருவர் எழுதியதும் இப்படிக் கண்டுபிடித்த வழிகளாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் பயிற்சியை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அம்மா கண்டுபிடித்ததற்குக் கொடுத்த விலையை நான் பார்த்திருக்கிறேன். விழுங்க முடியாதவருக்கு எப்படி உணவு தருவது, படுக்கைப் புண்ணை எப்படித் தடுப்பது என்பதைத் தட்டுத்தடுமாறிக் கற்கும் ஒவ்வொரு நாளுக்கும் இன்னொரு பெண்ணின் உடல் விலையாகிறது. 14567 என்ற முதியோர் உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் இன்று இருக்கின்றன. பார்த்துக்கொள்கிறவளும் தனக்காக அழைக்கலாம் என்பதை நம் வீடுகளில் சொல்ல வேண்டும்.

எனவே இனி ஒரு செயலியோ பயிற்சியோ நம்மிடம் வரும்போது, மாணவிகளே, சில கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். அது யாருடைய போனில், யாருடைய மொழியில் வருகிறது? அதைப் படிக்கும் அரை மணி நேரம் நோயாளியோடு யார் உட்கார்ந்திருப்பார்கள்? வீட்டிலுள்ள ஆண்களையும் அது மாணவர்களாக எண்ணுகிறதா? அவள் ஏற்கெனவே அறிந்ததை எழுதிக்கொள்ள அதில் இடம் உண்டா? பாடம் முடிந்த மறுநாள், கோவாவில் வந்ததுபோல, படியேறி ஒருவர் வருவாரா, அவருக்குச் சம்பளம் யார் தருவார்கள்? கடைசிக் கேள்விக்கு எந்தச் செயலியும் பதில் சொல்லாது. அதை அரசிடம் கேட்க வேண்டும். அதற்கு முன்பு வீட்டில் அண்ணனிடமும் கேட்க வேண்டும்.